பெண் பார்க்க வந்தவர்களை வரிசையில் நிறுத்தினேன்

எனக்கு விழித்துக்கொண்டே தூங்கும் பழக்கம் உண்டு. பஸ்ஸில், சர்ச்சில், பல் டாக்டர் நாற்காலியில்கூட. கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டேன். இதனால் இறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கோட்டைவிட்டது ஆயிரம் தடவை இருக்கும். ஒரு குடும்பத்தின் மானத்தைப் பட்டப்பகலில் வாங்கியது ஒரே தடவைதான்.

அப்போது நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஆய்வகத்தில், முனைவர் பட்டத்துக்காக டிடெக்டர் ஒன்று செய்துகொண்டிருந்தேன். அணுக்கரு ஒரு நியூட்ரானை விழுங்கினால், விழுங்கிய கையோடு காமா கதிரை வெளியே விடும். (சாப்பிட்டதும் நம் ஆட்கள் ஏப்பம் விடுவதில்லையா, அது மாதிரி.) அந்த ஏப்பத்தைப் பிடித்து, விட்டது எந்த அணு என்று சொல்வதுதான் டிடெக்டரின் வேலை. பழைய டிடெக்டர்கள் ஒரே மாதிரியான இரண்டு ஏப்பங்களைக் குழப்பிக்கொள்ளும். என்னுடையது குழம்பாது என்பது என் கனவு. எலுமிச்சம்பழ அளவில் ஒரு படிகம். கதிர் பட்டால் அதற்குள் ஒரு நீல மினுக்கம் தோன்றி மறையும். அது யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரிவதாக நினைத்துக்கொண்டு மூன்று வருஷம் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

அதைப் பரிசோதனைக்கு வெளியூர் அனுப்பும் முன், கதிர் வீசும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் மூன்று நாள் சும்மா ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்; 'ரன்' என்போம். அந்த மூன்றாம் நாளில்தான் என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. "ரன் ஓடுதும்மா, நான் வர முடியாது" என்றேன். காளவாசல் வீட்டிலிருந்து அம்மா போனிலேயே அழுதுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் தங்கமானவர்கள். "அதுக்கென்ன, நாங்களே அங்கிட்டு வாரோம்" என்றார்களாம்.

சனிக்கிழமை நாலு மணி. ஜன்னலுக்கு வெளியே மலை வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. டிடெக்டரில் படும் கதிர்களின் எண்கள் திரையில் தூறல் மாதிரி ஒன்றிரண்டாக விழுந்தன. நான் வழக்கம்போல அங்கே இல்லை. படிகத்துக்குள் இறங்கி, நீல வெளிச்சத்தில் கை கால் அசைக்காமல் மல்லாந்து கிடந்தேன். உலகமே மெதுவாக மினுங்கி அணைந்தது.

திடீரென்று தூறல் அடைமழையானது. எண்கள் எகிறின. திரும்பினால் வாசலில் நான்கு பேர். அம்மா. மாப்பிள்ளை டேனியல். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான அவருடைய அப்பா சாலமோன் சார். மிஷன் பள்ளியில் கணக்கு நடத்தும் அவருடைய அம்மா கிரேஸ் டீச்சர், கையில் மல்லிகைப் பூவோடு.

வருங்கால மாமியாரிடம் நான் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "எல்லாரும் வெளிய போங்க!"

போனார்கள். மழை நின்றது. அப்படியானால் கதிர் வருவது இவர்களில் யாரிடமிருந்தோதான்.

"இப்ப ஒவ்வொருத்தரா உள்ள வாங்க."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். டீச்சர் வந்து நின்றார். ஒன்றுமில்லை. டேனியல் சட்டைப்பையிலிருந்த பேனாவை எல்லாம் எடுத்துக் காட்டிவிட்டு நின்றார். ஒன்றுமில்லை. அம்மாவிடமும் இல்லை. சாலமோன் சார் மட்டும் வராந்தாவிலேயே நின்றார், வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி.

"நான் இங்கனயே நிக்கிறேன்மா. காத்து நல்லா வருது."

"ஒரு நிமிஷம் சார், ப்ளீஸ்."

அவர் வாசப்படி தாண்டியதும் திரையில் ஊசி போல ஒரு கோடு எழுந்தது. அத்தனை கூர்மை! மூன்று வருஷக் கனவு! எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"டெக்னீசியம்!" என்று கத்தினேன். "சார், இது ஊசியில ஏத்துனாத்தான் உடம்புக்குள்ள போகும். ஹார்ட் ஸ்கேன் எடுக்கப் போடுவாங்க. சீக்கிரமே கரைஞ்சு போற சாமான். இம்புட்டு பலமா இருக்குன்னா இன்னைக்குக் காலையிலதான் போட்டிருக்கணும். கரெக்டா?"

பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய சந்தோஷத்தில் சுற்றிலும் பார்த்தேன். யாரும் கை தட்டவில்லை.

கிரேஸ் டீச்சர்தான் முதலில் பேசினார். "காலையில திருமங்கலத்துல புதுவீட்டு ஜெபம்னு சொல்லிட்டுத்தான போனீங்க?"

"ஆமா..."

"யாரு வீடு?"

சார் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியில சின்னப் புள்ளைக பக்கத்துல போகாதீங்கன்னுதான் சொல்லிவிட்டாங்க" என்றார் பரிதாபமாக. "மிஷின் பக்கத்துல போகாதீங்கன்னு யாரும் சொல்லலையே."

ஸ்டூலில் உட்கார்ந்தார். மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறதாம், மூன்று வாரமாக. "இவன் கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன் கிரேஸ்." டீச்சர் பூவைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தார். டேனியல் அப்பாவின் தோளைத் தொட்டபடி நின்றார். அந்த நேரத்தில், நினைத்தாலே இன்றும் தலையணையில் முகம் புதைக்கத் தோன்றுகிறது, நான் சொன்னேன்:

"சார், கொஞ்சம் தள்ளி உக்காருறீங்களா? ரன் கெட்டுப் போகுது."

வீடு திரும்பும் ஆட்டோவில் அம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "நீ அந்த மிஷினையே கட்டிக்கடி."

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தோம். பத்து நாள் கழித்து கிரேஸ் டீச்சர் போன் செய்தார். சாரின் இதயத்தில் இரண்டு அடைப்பு; ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரே சொல்லவில்லையாம். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள், "முப்பத்தஞ்சு வருஷமா இந்த மனுசன் எதையும் எங்கிட்ட சொன்னதில்ல. வீட்டுக்கு உன்ன மாதிரி ஒரு ஆள் வேணும். எப்ப வாரே?" என்றார்.

அந்த மூன்று நாள் ரன்னை மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். பட்டமும் கிடைத்தது. அன்று சார் நுழைந்தபோது திரையில் எழுந்த கோட்டின் வரைபடத்தை டேனியல் கல்யாணத்துக்கு முன்பே சட்டம் போட்டு, ஹாலில் வேத வசன காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வெட்டவெளியில் ஒற்றைக் கோபுரம் நிற்பது போலத் தெரியும்.

புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "எந்த ஊரு சர்ச் சார் இது?" என்று கேட்பார்கள்.

சாலமோன் சார், இப்போது என் மாமா, வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து படத்தின் பக்கத்தில் போய் நிற்பார்.

"சர்ச் இல்லப்பா. நாந்தான்."