நெத்திலி அவியலுக்கு ஒரு ‘நன்று’

“மக்கா, வகுப்புல இருக்க பிள்ளையளே நாம சொல்லுகத கேக்க மாட்டேங்குது. நீ இன்டர்நெட்டுல எழுதிப் போட்டா யாரு வாசிக்கப் போறா?”

கேட்டவர் ஸ்டெல்லா டீச்சர். இரணியல் பக்கம் நான் அறிவியல் நடத்தும் பள்ளியில் அவர்தான் மூத்த கணக்கு டீச்சர். நான் வலைப்பூ தொடங்கியிருக்கிறேன் என்று ஆசிரியர் அறையில் அறிவித்த அன்று இப்படிக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? எங்கள் குடும்பத்தில் ஓட்டுப் போடுவதற்காக அல்லாமல், படிப்பதற்காகப் பள்ளிக்கூடத்தில் நுழைந்து கடைசிவரை படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மா புதுக்கடை சந்தையில் மீன் விற்கிறாள். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறார். அண்ணன் அஞ்சாம் வகுப்போடு கடலுக்குப் போய், இப்போது பஹ்ரைனில் யாரோ ஒரு அரபியின் படகில் இருக்கிறான். இந்தப் பரம்பரையில் எழுத என்று ஒருத்தி வந்திருக்கும்போது, வாசிக்க ஆள் இல்லை என்றால் எப்படி?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வலைப்பூவால் எனக்கு நன்மைகள் இருந்தன. அம்மை போட்டு மூன்று வாரம் வீட்டில் கிடந்த ஒரு மாணவி, விட்டுப்போன பாடத்தை அவள் அம்மாவின் போனில் வாசித்துவிட்டு வந்து, என்னிடமே சந்தேகம் கேட்டாள். அடர்த்தியை முட்டையும் உப்புத் தண்ணீரும் வைத்து நடத்திப் பாருங்கள் என்று முகம் தெரியாத ஒரு டீச்சர் எழுதியிருந்தார். நடத்திப் பார்த்தேன், முட்டை மிதந்தது. நானும் கொஞ்சம் மிதந்தேன்.

அந்த மிதப்பில்தான், ‘ஆசிரியர்களுக்கு வலைப்பூவால் என்ன பயன்?’ என்று பேச முடியுமா என்று தலைமையாசிரியை (எங்கள் வாயில் ‘எச்செம்’) கேட்டபோது சரி என்றேன். எங்கள் பள்ளியோடு அக்கம்பக்கத்துப் பள்ளிகள் இரண்டும் சேர்ந்து அறுபது ஆசிரியர்கள். இரண்டு வருடத் தற்காலிக வேலை முடிந்து, என்னை நிரந்தரமாக்கும் தாள் நிர்வாகத்துக்குப் போகவேண்டிய மாதம் அது. தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் தலைமையாசிரியை. அவர் முன்வரிசையில் உட்காரப் போகிறார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? (வராது. இதைவிட மோசமானதும் வராது.)

பேச்சுக்கு நடுவே ஒரு வாசகர் கருத்து நேரடியாகத் திரையில் வந்து விழுந்தால் எடுப்பாக இருக்கும் என்று எனக்கொரு யோசனை. வாசகர் யார்? அம்மாதான். எழுத்து தெரியாவிட்டால் என்ன, பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி போனில் இருக்கிறதே. அன்று காலையில் அவள் சந்தைக்குக் கிளம்பும்போது, போனில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக் காட்டிக்கொடுத்தேன்.

“இந்த மைக் படத்த அமுக்கணும். பேசணும். பெறகு இந்த அம்புக்குறிய அமுக்கணும். பதினொரு மணிக்கு. மறந்துராத.”

“ஏட்டி, எனக்கா சொல்லித் தாற? ஒங்க அண்ணனுக்கு தெனமும் பேசி அனுப்புகேன்லா?”

நான் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். அண்ணனுக்கு அனுப்புவதை அண்ணன் மட்டும்தான் கேட்பான். இது அப்படியில்லை என்பதை நான் சொல்லவே இல்லை. கருத்துகளை நான் பார்த்து அனுமதித்த பிறகே வெளியிடும் வசதி ஒன்றும் வலைப்பூவில் உண்டு. சோம்பலில் அதையும் நானே அணைத்துவைத்திருந்தேன்.

பதினொரு மணி. “வலைப்பூவின் பெரிய நன்மை, நம் எழுத்து உடனுக்குடன் வாசிக்கப்படுவது” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புதுப்பித்தேன். திரையில் அம்மா வந்தாள்.

“மக்கா அம்மா பேசுகேன் காலைல ஒண்ணும் தின்னாம ஓடிட்ட பயப்படாம பேசு ஒங்க எச்செம்மா முன்னால இருந்தாலும் பதறாத அவிய ஒண்ணும் வாசிக்க மாட்டாவ நீதான சொன்ன பாடக்குறிப்பு நோட்டுல நடுவுல நெத்திலி அவியல் வைக்கது எப்படின்னு எழுதிக் குடுத்தேன் அதுக்கும் நன்றுன்னு கையெழுத்து போட்டாவன்னு வாசிக்காதவியளுக்கு என்னத்துக்கு பயப்படணும் ஆங் சாளைதான் இன்னைக்கு வந்தது வேணும்னா எடுங்க தொட்டுத் தொட்டு பாக்காதிய”

எங்கள் கடற்கரைத் தமிழ் நாகர்கோவில் தாண்டினாலே பாதிப் பேருக்குப் புரியாது. அந்தப் போனுக்கு அன்றைக்கு ஓர் எழுத்து பிசகாமல் புரிந்திருந்தது, சாளை மீன் வாங்க வந்தவர்களிடம் அம்மா சொன்னது உட்பட.

பக்கத்தை மேலே தள்ள நினைத்து மடிக்கணினியில் விரலை வைத்தேன். பதற்றத்தில் இரண்டு விரல் பட்டு விலகியதில் எழுத்து பெரிதானது. இன்னும் பதறினேன், இன்னும் பெரிதானது. கடைசியில் ‘வாசிக்க மாட்டாவ’ என்ற ஒரே வரி, சுவரளவுக்குத் திரையை நிறைத்துக்கொண்டு நின்றது.

அறுபது பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். தலைமையாசிரியை எழுந்து, திரும்பிப் பார்க்காமல், அலுவலக உதவியாளரிடம் சொன்னார்: “எட்டாம் வகுப்பு அறிவியல் பாடக்குறிப்பு நோட்ட எடுத்துட்டு வாங்க.”

பாடக்குறிப்பு என்றால், அடுத்த வாரம் என்ன நடத்தப் போகிறோம் என்று டீச்சர்கள் கையால் எழுதி, திங்கள்கிழமைதோறும் அவர் மேசையில் வைக்கும் நோட்டு. வாசிக்கிறாரா என்று பார்ப்பதற்காக ஒரு வாரம், ‘மிதத்தல்’ பாடத்தில் ‘செயல்பாடுகள்’ என்ற தலைப்பின் கீழ் எழுதிவைத்தேன்: நெத்திலியைத் தலை கிள்ளிக் கழுவவும். தேங்காய், மஞ்சள், நல்லமிளகு சேர்த்து அரைக்கவும். மாங்காயைக் கீறிப் போடவும். அடியில் பச்சை மையில் ‘நன்று’ என்று வந்தது. வீட்டில் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரித்தாளா இல்லையா என்று அன்று கவனிக்கவில்லை. நினைவில் வைத்துக்கொண்டாள் என்பது மட்டும் இப்போது தெரிந்தது.

நோட்டு வந்தது. நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார். என் பாடக்குறிப்பை அவர் முதன்முதலாக வாசித்தது அன்றுதான். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. ‘மாங்காயைக் கீறிப் போடவும்’ என்பது வரை வாய்விட்டே வாசித்தார்.

பின்வரிசையில் ஏதோ ஒரு பள்ளி டீச்சர், அடக்கமாட்டாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது: “மாங்கா போட்டா, புளி வேண்டாம்லா?”

மதியம் தலைமையாசிரியை அறையில் நின்றேன்.

“அந்தக் கருத்த இப்பவே அழிச்சிரு,” என்றார். “பெறகு ஒரு கடிதம். நான் கையெழுத்துப் போட்ட பெறகுதான் இத எழுதிச் சேத்தேன்னும், உங்க அம்மா சொன்னது பொய்யின்னும் எழுதிக் குடு. உன் தாள் இந்த மாசமே போவும்.”

இரண்டு வரிதான். எழுதினால் நிரந்தர வேலை. பேனாவையும் அவரே நீட்டினார். வாங்கிக்கொண்டேன், மூடியைத் திறக்கவில்லை.

“மேடம், நோட்டுல அத எழுதுனது என் தப்பு. அதுக்கு எத்தன பக்கம் வேணும்னாலும் மன்னிப்பு எழுதித் தாறேன். ஆனா அம்மா பொய் சொல்லல்ல.”

பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தாள் போகவில்லை. தற்காலிகம் இன்னும் ஒரு வருடம் நீண்டது. அதோடு முடிந்ததா? அடுத்த திங்கள் முதல் எல்லா டீச்சரின் பாடக்குறிப்பையும் வரி வரியாக வாசிக்கத் தொடங்கினார். “ஒன்னால மூணாவது தடவையா திருத்தி எழுதுகேன், ஏட்டி,” என்றார் ஸ்டெல்லா டீச்சர். ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி அன்றிலிருந்து காலியாகவே இருக்கிறது.

பேச்சு நடந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பையைக்கூட இறக்காமல் அழுதேன். அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழுக்கதையையும் கேட்டாள். கையைத் துடைத்தாள்.

“அப்போ நான் எழுதுனத எல்லாரும் வாசிச்சாவளா?”

“வாசிச்சாவ.”

“எத்தர பேரு?”

“அறுபது பேரும்மா.”

கூடையைக் கவிழ்த்துவைத்தாள். பிறகு, சட்டென்று கவலை வந்தவளாக, “தப்பு ஒண்ணும் இல்லாம இருந்துதா, மக்கா?” என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் இப்போது ‘சரி’ என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது. சோறு போதுமா என்றால் அப்பா “நன்று” என்கிறார். பணம் வந்து சேர்ந்தது என்று சொன்னால் பஹ்ரைனிலிருந்து அண்ணன் “நன்று” என்று பேசி அனுப்புகிறான், கூடவே படகில் இருக்கும் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தமும் வருகிறது. எனக்குக் கல்யாணம் பேசி வருகிறவர்களிடமும் இதைச் சொல்வார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

நேற்று மார்த்தாண்டம் பக்கம் வேறொரு பள்ளிக்கு விண்ணப்பம் நிரப்பினேன். ‘பிற தகுதிகள்’ என்ற கட்டத்தில் வலைப்பூவின் முகவரியை எழுதினேன். திறந்தால் முதலில் அவர்கள் கண்ணில் படுவது, நான் இன்னும் அழிக்காத, அம்மா எழுதிய அந்தக் கருத்துதான். ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். ‘தொட்டுத் தொட்டு பாக்காதிய’ வரைக்கும் அப்படியே இருக்கிறது. உறையை ஒட்டி, போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.