காலி பாட்டில் கேட்ட கொக்கு டீச்சர்

ஒரு காட்டில் குப்பை என்பதே கிடையாது. உதிர்ந்த இலையைக் கறையான் தின்றுவிடும், செத்த எலியைக் காக்கை தின்றுவிடும். அப்படிப்பட்ட காட்டில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள்.

அங்கே பாடம் எடுத்த கொக்கு டீச்சர் ஒருநாள் சொன்னார்: "நாளைக்குச் சுற்றுச்சூழல் செய்முறை வகுப்பு. தூக்கிப்போட்ட பிளாஸ்டிக் பாட்டில்ல பறவைக்குத் தீனிக் கூடு செஞ்சு எடுத்துட்டு வரணும். கொண்டு வராதவங்க வெளியே நிக்கணும்."

கோழிக்குஞ்சு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தது. அதன் அம்மா காட்டுக்கோழி, சின்ன வயதில் பக்கத்துக் காட்டுப் பள்ளியில் ஒருமுறை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள் என்று அப்படியே வீட்டுக்கு நடந்தவள். அதோடு படிப்பு முடிந்தது. தூறல் போட்டாலே வெள்ளம் என்று பதறுவாள். (அது நானேதான் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு இறகு கிடையாது.)

குஞ்சும் வெளியே நின்றால் அதன் படிப்பும் போச்சே என்று கோழி உடனே கிளம்பினாள். காடு முழுக்கக் கிளறிப் பார்த்தாள். மண்புழுதான் வந்தது. கடை வைத்திருந்த குரங்கிடம் ஓடினாள்.

"அண்ணே, காலி பாட்டில் இருக்கா?"

"காலி இல்லக்கா. கலர் இருக்கு. குடிச்சா காலி."

"ஐயோ, எனக்குச் சளி பிடிக்குமே."

"அப்ப ஓடையில ஊத்திடுங்க. நரியம்மா அப்படித்தான் செஞ்சாங்க."

கோழியும் ஊற்றினாள். ஓடை ஆரஞ்சு நிறமானது.

"என்னக்கா இது?" என்று கெண்டை மீன் இருமியது.

"கோவிச்சுக்காதப்பா, பிள்ளைக்கு ஹோம் ஒர்க்," என்றாள் கோழி.

குஞ்சு தூங்கிவிட்டது. கோழி அலகு நோக நோக பாட்டிலை வெட்டிக் கூடு செய்தாள்.

மறுநாள் டீச்சர் கேட்டார்: "நீயே செஞ்சியா?"

"நானேதான் டீச்சர்."

குஞ்சு வகுப்புக்குள் உட்கார்ந்தது. சன்னல் வழியே எட்டிப் பார்த்த கோழிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பறவைகள் வந்து கூட்டைப் பார்த்தன. "புழு இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் பறந்தன. வகுப்பு முடிந்ததும் கூடுகளைப் போட அந்தக் காட்டில் குப்பைத்தொட்டி ஏது? எல்லாம் ஓடைக்குப் போனது.

கொக்கு டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "இப்பதான் பாடமே நடத்த முடியும்! நாளைக்கு ஓடையைச் சுத்தம் பண்றோம். எல்லாரும் புது பிளாஸ்டிக் கையுறை கொண்டு வாங்க."

"எங்களுக்குக் கையே இல்லையே டீச்சர்!" என்று சன்னலில் இருந்து கத்தினாள் கோழி.

"அப்ப உங்க பிள்ளை வெளியே நிக்கட்டும்."

"வேண்டாம் டீச்சர், வேண்டாம்! வாங்கிடறேன். கால்ல மாட்டி அனுப்பறேன்."

நீதி: சுற்றுச்சூழலைக் காப்பாற்றப் பிள்ளைகள் கற்று முடிக்கும்வரை, சுற்றுச்சூழல்தான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.