தகுதி அடிப்படையில் ஏழு வெற்றிகள்

ஐஸ் ஹாக்கியில் கோல் என்றால் ரப்பர் வட்டு சிவப்புக் கோட்டைத் தாண்டி வலைக்குள் போவது என்றுதான் மூஸ் ஃபால்ஸ் நகரத்து மக்கள் நெடுங்காலமாக ஒரு தவறான கருத்தில் இருந்துவந்தார்கள். அந்த அறியாமை சென்ற அக்டோபரில் நீக்கப்பட்டது.

நீக்கியவர் பிரெண்டன் விட்டேக்கர். ஊர் அணியான மரவெட்டிகள் அணியை டொரான்டோ கம்பெனி ஒன்று வாங்கியது. அது இவரை அனுப்பிவைத்தது. 'ரசிகர் அனுபவ மேம்பாட்டுத் துணைத்தலைவர்' என்பது பதவி. தலைவர் யார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஆள் இளைஞர், நல்ல மாதிரி. ஆனால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிய பிறகும் கணுக்கால் தெரிகிற கால்சட்டைதான் போடுவார், காலுறை கிடையாது. டொரான்டோவில் அதுதான் நாகரிகமாம். மனம் பொறுக்காத ஊர்ப் பெண்கள் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தார்கள். அவர் நெகிழ்ந்துபோய், அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து அலுவலகச் சுவரில் மாட்டினார்.

வெய்க்கோ ராந்தலாவுக்கு அந்தக் கணுக்காலைப் பார்த்த அன்றே சந்தேகம். எழுபத்தொரு வயது. காகித மில்லில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். அதில் பாதி நாள் வேலையை நிறுத்துவதில் போயிற்று. படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம், எழுதியதும் அதுவே. மில்லை மூடி இயந்திரங்களைப் பிரித்து விற்றபோது, வெய்க்கோவும் தோழர்களும் பட்டப்பகலில் ஏணி போட்டு மில் சங்கை இறக்கி, தோளில் சுமந்துவந்து, ஹாக்கி அரங்கத்தின் கூரையில் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து மரவெட்டிகள் கோல் போட்டால் சங்கு ஊதும். அதன் கயிறு பதினான்காம் பகுதி, கடைசி வரிசை, ஏழாம் நாற்காலிக்கு மேலே தொங்கும். அந்த நாற்காலியும் கயிறும் வெய்க்கோவுடையவை. வேறெதுவும் அவருக்கு மிஞ்சவில்லை.

"ஷிஃப்ட்டுன்னா ஷிஃப்ட்டு, ஸ்ட்ரைக்னா ஸ்ட்ரைக், கோல்னா கோல்" என்பார். "இந்த ஊர்ல பொய் சொல்லாத தொண்டை இது ஒண்ணுதான்."

சீசன் தொடங்கியது. முதல் ஆட்டம் ஐந்துக்கு ஒன்று தோல்வி. இரண்டாவது நாலுக்குப் பூஜ்யம். மூன்றாவது ஆறுக்கு இரண்டு. அரங்க வாசலில் சுற்றறிக்கை எண் ஒன்று ஒட்டப்பட்டது:

'சீசனின் ஆரம்ப கட்டம் நடைமுறையில் இருப்பதால், தோல்விகளைத் தோல்விகளாகக் கருத வேண்டாம் என ரசிகப் பெருமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

ஆரம்ப கட்டம் எந்தத் தேதியில் முடிகிறது என்று வெய்க்கோ எழுத்துமூலம் கேட்டார். எழுத்துமூலமே பதில் வந்தது: ஆரம்ப கட்டம் முடிவடையும் தேதி, ஆரம்ப கட்டம் முடிவடைந்தவுடன் அறிவிக்கப்படும்.

அந்தக் கடிதத்தை அரங்கத்துக்குள் காபிக்கடை வைத்திருக்கும் டோரீன் மக்கேயிடம் காட்டினார். டோரீனின் புருஷன் மில்லில் வெய்க்கோவோடு வேலை பார்த்துச் செத்தவன். அந்த உரிமையில் அவள் வெய்க்கோவை எதுவும் சொல்லலாம்.

"முத்திரையெல்லாம் குத்தியிருக்கான்யா. மதிச்சுப் பதில் போட்டிருக்கான். உங்க மில் மேனேஜர் பதில் போட்டானா?"

"போடல. ஆனா அவன் காலுறை போட்டிருந்தான்."

நான்காவது ஆட்டமும் போனது. மறுநாள் சுற்றறிக்கை எண் இரண்டு வந்தது. அதன் சாரம் இது. ஒரு வீரர் வட்டை அடிக்கும்போது, எவ்வளவு தூரம், என்ன கோணம், எதிரில் எத்தனை பேர் என்பதையெல்லாம் கணினி கணக்கில் எடுத்து, அந்த அடி எவ்வளவு கோலுக்குத் தகுதியானது என்று சொல்லிவிடும். ஓர் அடி கால் கோல் பெறும், இன்னொன்று அரைக்கால் கோல். எல்லாவற்றையும் கூட்டினால் வருவது 'தகுதிக் கோல்'. அந்தக் கணக்கின்படி மரவெட்டிகள் இதுவரை ஆடிய நான்கு ஆட்டங்களிலும் வென்றிருக்கிறார்கள். வட்டு வலைக்குள் போகாதது தற்செயலாக நடந்தது. அதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

பழைய ஸ்கோர் பலகைக்கு மேலே, அதைப்போல் இரண்டு மடங்கு பெரிதாக, தகுதிப் பலகை ஏற்றப்பட்டது. பிறகு விட்டேக்கர் கையில் ஒரு கோப்போடு படியேறி ஏழாம் நாற்காலிக்கு வந்தார்.

"வெய்க்கோ, ஒரு சின்ன நடைமுறை மாற்றம்."

"மில்லுல எங்க காபி நேரத்துல கை வெச்சப்பவும் சின்ன மாற்றம்னுதான் சொன்னாங்க. சொல்லுங்க."

"நேத்து நாம 3.4 கோல் போட்டோம். நீங்க ஒரு தடவதான் சங்கு ஊதியிருக்கீங்க. பதிவேட்டுல இருக்கு."

"வலைக்குள்ள ஒண்ணுதான் போச்சு."

"வலைக்குள்ள போறது அதிர்ஷ்டம். போயிருக்கணும்கிறதுதான் தரம். இனிமே பலகையில ஒவ்வொரு முழு எண் தாண்டும்போதும் நீங்க ஊதணும்."

"மிச்சம் பாயின்ட் நாலு இருக்கே, அதுக்கு எப்படி ஊதறது? வாய்க்குள்ளயா?"

விட்டேக்கர் முகத்தில் மகிழ்ச்சி படர்ந்தது. கோப்பைத் திறந்து குறித்துக்கொண்டார். "அருமையான கேள்வி. அதுக்குன்னு ஒரு குழு போடலாம். நீங்க உறுப்பினரா இருக்கீங்களா?"

"நான் இந்தக் கயித்தப் பொய்க்கு இழுக்கமாட்டேன், தம்பி."

"இழுக்கலேன்னா கயித்துக்குப் பதிலா பொத்தான் வெச்சிடுவோம். அவசரமில்ல. நல்லா யோசிங்க. இன்னும் ஆரம்ப கட்டம்தானே."

வெய்க்கோ யோசிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பிரசுரம் எழுதினார். 'உழைக்கும் ரசிகர்களே! உங்கள் கண்ணை நம்புவீர்களா, கம்பெனியின் பலகையை நம்புவீர்களா?' என்று தொடங்கியது அது. நானூறு பிரதி. வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் திணித்தார். எல்லோரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலின் சூடு கையில் படாமல் பிடிக்க அது மிகவும் வசதியாக இருந்ததாகப் பலர் பாராட்டினார்கள்.

ஐந்தாவது ஆட்டம். பலகைக்காக வெய்க்கோ கயிற்றை இழுக்க மறுத்ததால், தற்காலிக ஏற்பாடாக முழு எண் தாண்டும்போதெல்லாம் விளக்குகள் மின்னின. முதல் தடவை மின்னியபோது ஜனம் விழித்தது. இரண்டாம் தடவை மூலையில் சிலர் கைதட்டினார்கள். மூன்றாம் தடவை அரங்கமே எழுந்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தது. கீழே பனித்தளத்தில் எதிரணி நான்காவது கோல் போட்டுக்கொண்டிருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இடைவேளையில் வெய்க்கோ காபிக்கடைக்கு ஓடினார்.

"பாத்தியா டோரீன் அக்கிரமத்த? நாலுக்கு ஒண்ணு தோத்துட்டிருக்கோம், அவனவன் முத்தம் குடுத்துக்கறான்!"

"எனக்கும் ஒண்ணு கெடச்சுது. பெட்ரோல் பங்க்காரன் குடுத்தான்." டோரீன் காபியை நீட்டினாள். "மூணு வாரமா இந்தக் கடைக்கு வந்தவன் ஒருத்தனும் சிரிக்கல. இன்னைக்கு டோனட்டு தீந்துபோச்சு. உனக்குக் கை வலிக்குமா என்ன? சும்மா ஒரு இழு இழுத்துட்டுப் போயேன்."

"அது பொய்யி!"

"பொய்தான். உண்மையத்தான் கீழ் பலகையில போட்டிருக்கானே. வேணுங்கறவன் குனிஞ்சு பாத்துக்கட்டும்."

ஆறாவது தகுதி வெற்றிக்கு ஊர்வலம் நடந்தது. தீயணைப்பு வண்டியின் மேல் வீரர்கள் நின்றார்கள். ஆறு ஆட்டத்தில் முப்பத்தோரு கோல் விட்ட கோல்கீப்பர் கூச்சத்தோடு கையசைத்தான்; தகுதிப்படி அவன் விட்டது பதினொன்றுதான் என்று ஒலிபெருக்கி அவனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தது. மேயர் பேசினார்.

நல்ல கொள்கை ஓர் அலுவலகத்தோடு நிற்பதில்லை. முதல் பனி கொட்டியதும், நகராட்சி தன் அறிக்கையில் பனி வழிக்கப்பட்ட தெருக்கள் நான்கு, தகுதி அடிப்படையில் வழிக்கப்பட்ட தெருக்கள் இருபத்தாறு என்று குறிப்பிட்டது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் கணக்கில் தகுதி மதிப்பெண் வாங்கித் தேறினார்கள். ஏரிக்குப் போன ஆண்கள் வெறுங்கையோடு திரும்பி வந்து, மனைவிமார்களிடம் தகுதி மீன்களின் நீளத்தைக் கையால் காட்டினார்கள். ஆனால் இது முன்பே இருந்த வழக்கம்.

ஏழாவது ஆட்டமும் தகுதிப்படி வெல்லப்பட்டதும், வெய்க்கோ கடைசி ஆயுதத்தை எடுத்தார். தொழிலாளர் மன்றத்தில் கண்டனக் கூட்டம். பன்னிரண்டு பேர் வந்தார்கள்; அதில் நாலு பேர் சீட்டாட வந்தவர்கள். பதின்மூன்றாவதாக, கணுக்கால் சிவக்கச் சிவக்க, விட்டேக்கரே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்.

"தோழர்களே!" என்றார் வெய்க்கோ. "தோத்தவன் தோத்தேன்னு சொல்லணும். அப்பத்தான் அடுத்த தடவ ஜெயிப்பான். தோல்வியில பூ வெச்சு ஜோடிக்கிறது முதலாளிங்க வேல!"

கைதட்டல் ஓய்ந்ததும் விட்டேக்கர் மெல்லக் கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம். அந்தப் பித்தளைத் தகடு யார் எழுதினது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடைக்குப் பின்னால், இருபத்தாறு வருடமாக மாதம் தவறாமல் துலக்கப்பட்டுவரும் தகடு. மில்லின் கடைசி வேலைநிறுத்தத்தின் நினைவாக வைத்தது. 'இப்போராட்டத்தில் நியாயப்படி வென்றவர்கள் தொழிலாளர்களே.'

"நான்தான்" என்றார் வெய்க்கோ.

"கூலி ஏறிச்சா?"

"இல்ல."

"வேலை?"

"மில்ல மூடிட்டான்."

"வருஷா வருஷம் அந்த ஸ்ட்ரைக் தேதியில நீங்க சங்கு ஊதறதாச் சொன்னாங்க."

சீட்டுக்கட்டைக் குலுக்கிக்கொண்டிருந்தவனும் குலுக்குவதை நிறுத்தினான்.

விட்டேக்கர் குரலில் கேலியே இல்லை, அதுதான் கொடுமை. "நான் இந்த ஊருக்கு வந்த மொத வாரம் இங்க காபி குடிக்க வந்தேன். அந்தத் தகடப் படிச்சேன். அப்படியே உக்காந்துட்டேன். எங்க கம்பெனியில கம்ப்யூட்டர் வெச்சிருக்கோமே தவிர, தோத்தத ஜெயிச்சதாப் பித்தளையில வெட்டலாம்னு ஒருத்தனுக்கும் தோணல. எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான், வெய்க்கோ." அருகில் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

எட்டாவது ஆட்டம் ரெட்ராக் அணியோடு. பலகையில் ரெட்ராக் ஒன்றரைத் தகுதிக் கோல், மரவெட்டிகள் அரையே அரைக்கால். உண்மைப் பலகையில் இருபக்கமும் பூஜ்யம். ஆட்டத்தின் மூன்றாம், கடைசிப் பகுதி முடிய ஒரு நிமிடம். யாரோ ஒரு மரவெட்டி, வட்டை விட்டால் போதும் என்று தூரத்திலிருந்து மட்டையை வீசினான். வட்டு சுவரில் பட்டது. அங்கிருந்து ரெட்ராக் வீரன் ஒருவனின் பின்பக்கத்தில் பட்டது. அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் கோட்டைத் தாண்டி வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

வெய்க்கோவின் கை கயிற்றில் இருந்தது. அந்தத் தகடு ஒரு கணம் அவர் கண்முன் வந்தது. பிறகு கயிற்றில் தொங்குகிறவர்போல் முழு எடையும் போட்டு இழுத்தார். கூரை அதிர்ந்தது. ஏரிக்கு அக்கரையில் நாய்கள் குரைத்தன.

அரங்கத்தில் ஒருவரும் எழவில்லை. நாலாயிரம் தலைகள் மேல் பலகையை அண்ணாந்து பார்த்தன. பலகை சற்று யோசித்துவிட்டு அந்தக் கோலின் தகுதியைக் காட்டியது: 0.02.

"யோவ் வெய்க்கோ!" என்று பெட்ரோல் பங்க்காரன் கத்தினான். "எதுக்குய்யா ஊதற? அதுக்கு நமக்கென்ன தகுதி இருக்கு?"

"பெரியவரே, எண்ணு வர்ற வரைக்கும் பொறுக்கமாட்டீங்களா?"

"வெக்கமா இல்ல? கண்டவன் பின்னாடி பட்டு வந்த கோலு!"

மரவெட்டிகள் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றார்கள். வீரர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். மறுநாள் சுற்றறிக்கை எண் ஒன்பது:

'நேற்று நமது அணி இந்த சீசனின் முதல் தோல்வியைத் தகுதி அடிப்படையில் சந்தித்தது. ரசிகப் பெருமக்கள் மனம் தளர வேண்டாம். ஆரம்ப கட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. அனுமதியின்றிச் சங்கு ஊதப்பட்டதையொட்டி, கயிறு அகற்றப்பட்டு, அலுவலகத்தில் பொத்தான் பொருத்தப்படுகிறது. எனினும் திரு. ராந்தலாவின் நெடுநாள் சேவையைக் கருதி, தகுதி அடிப்படையில் அவரே தொடர்ந்து சங்கு ஊதுபவராகக் கருதப்படுவார்.'

கயிற்றைத் திருப்பிக் கட்டச் சொல்லி வெய்க்கோ ஒரு மனு எழுதினார். மூன்று நாள் அரங்க வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மதியம், ஆட்டமில்லாத நேரத்தில், மனுவைச் சுருட்டிக்கொண்டு காபிக்கடைக்கு வந்தார்.

"எத்தன கையெழுத்து?" என்றாள் டோரீன்.

"மூணு."

"ஒண்ணு நான் போட்டது."

"ஒண்ணு நான் போட்டது."

"மூணாவது யாரு?"

"விட்டேக்கர். கொள்கை அளவுல முழு ஆதரவுன்னு எழுதிப் போட்டுட்டுப் போனான்."

டோரீன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு, கேட்காமலே அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினாள். வெய்க்கோ வெகுநேரம் கரண்டியால் கலக்கினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய கம்பீரம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

"ஆனா ஒண்ணு டோரீன். நியாயப்படி பாத்தா, மொத்த ஊரும் நம்ம பக்கம்தான்."

சுவருக்கு அந்தப் பக்கம், ஆளே இல்லாத அரங்கில், புதுப் பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க யாரோ அதை அழுத்தினார்கள். சங்கு முழு மூச்சில் ஊதியது.