என் சாளைக்கு வந்த ஒறம்பரை

என் சாளையை எவனுக்கும் விடமாட்டேன் என்று போன வைகாசியில் ஒரு சபதம் போட்டேன். சத்தமாகவே போட்டேன். பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது. என் மனைவி ராசாத்தாள் மட்டும், "காப்பி ஆறுதுங்க" என்றாள். அவ்வளவுதான் மரியாதை.

நியாயத்தை நீங்களே கேளுங்கள். என் பெயர் தம்பிதுரை. காந்திபுரத்தில் மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை. வாரத்தில் ஐந்தரை நாள் பேரிங், வாஷர், கெபாசிட்டர் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும். சனிக்கிழமை கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு, பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் தென்னந்தோப்புக்குக் கிளம்பிவிடுவேன். தோப்புக்கு நடுவே அப்பா கட்டிய ஓட்டு வீடு. தோட்டத்து வீட்டை எங்கள் பக்கம் சாளை என்போம். 'தோப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்றுதான் வீட்டில் சொல்வது. பொய்யும் இல்லை. கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்தால் தோப்பு நன்றாகவே தெரியும். என் சிநேகிதன் அமீர் ஹம்சா, கொப்பரை வியாபாரி, சீட்டுக்கட்டோடும் இன்னும் இரண்டு பேரோடும் வந்துவிடுவான். ஞாயிறு சாயங்காலம் வரை ஆட்டம். யாரும் என்னை 'ஏனுங்க' என்று கூப்பிடாத முப்பது மணி நேரம். இந்த உலகத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அதற்குத்தான் வேட்டு வைத்தார்கள்.

ஆரம்பித்தது என் மகள் ரித்திகா. எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குப் பெங்களூரில் இருந்தபடியே ஒரு பரிசு ஏற்பாடு செய்தாள். ஆனைமலை அடிவாரத்தில் ஒரு விடுதியில் இரண்டு நாள். வாசலில் 'ஹெரிடேஜ் நேச்சர் ரிட்ரீட்' என்று பலகை. நாளுக்குப் பதினாலாயிரம் ரூபாய்.

உள்ளே நுழைந்ததுமே ஒரு பெண் பித்தளைச் சொம்போடு என் காலைக் கழுவ வந்தது. பதறியடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். அறையில் ஏசி இல்லை. கேட்டால் 'காட்டுக் காற்று' என்றார்கள். டிவி இல்லை. அதற்குப் பெயர் 'மௌனம்'. குளியலறைக்குக் கூரையே இல்லை. அது 'வானத்தோடு குளியல்'. நான் சோப்புப் போடுவதை ஒரு அணில் உட்கார்ந்து பார்த்தது. இல்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துக் காசு வாங்குகிறார்கள்! மறுநாள் காலையில் 'விவசாயி அனுபவம்' என்று கூட்டிக்கொண்டு போய் மாட்டுச் சாணி அள்ளச் சொன்னார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே வேலையை என் அப்பா என்னை அடித்துச் செய்ய வைத்தார். அவர் அதற்கு பில் போடவில்லை.

"அநியாயமா இருக்குது அம்மணி!" என்று ராசாத்தாளிடம் கத்தினேன். "இந்தப் பந்தலுக்குப் பதினாலாயிரமா? என்ற சாளை இதுக்கு நூறு மடங்கு மேலு. கெணறு இருக்குது. மயிலு வருது. மலை தெரியுது. என்ன இல்ல அங்க?"

"கக்கூஸ்ல ஒரு பல்பு இல்லீங்க."

"அதை மாட்டிப்போட்டா ராசாவே வந்து தங்குவான்!"

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"பின்னே?"

"சரிங்க."

இந்தச் 'சரிங்க'வில் இருக்கிற ஆபத்து இருபத்தைந்து வருஷம் ஆகியும் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டே வாரத்தில், "சாளையை நாமளும் அந்தாட்ட ஒரு விடுதியா மாத்திப்போடலாங்க" என்றாள். அப்போதுதான் நான் அந்தச் சபதத்தைப் போட்டது. ஆனி முடிவதற்குள் பல்பு மாட்டியாயிற்று. சுவருக்குச் சுண்ணாம்பு. நாங்கள் சீட்டாடும் இடத்தில் ஊஞ்சல். என் கட்டிலின் மேல் நீல மெத்தை, அதன் மேல் ஆறு தலையணை. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் செங்கோடனின் சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியிருந்தது. ஒரு சனிக்கிழமை நான் போய் இறங்கினால், "புக்கிங் போட்டிருக்கீங்களா?" என்கிறான்.

ரத்தம் கொதித்தது. அன்றைக்கே வீடு திரும்பி ராசாத்தாளோடு நேருக்கு நேர் பேசினேன்.

"கடைசியாச் சொல்றேன் அம்மணி. மொதல்ல வர்றவங்க நல்லா இல்லைன்னு சொல்லிப்போட்டா, அன்னைக்கே இழுத்து மூடோணும்."

"மூடிப்போடலாங்க."

"சாளை பழையபடி எனக்கு."

"உங்களுக்கேதானுங்க."

"தலையணையெல்லாம் போயிரோணும்."

"ஆறும் போயிருமுங்க. நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டா?"

"சொன்னாத்தானே!"

"சொல்லிட்டா, எல்லாச் சனிக்கிழமையும் ஆளு வருவாங்க. நீங்க கூட இருந்து பாத்துக்கோணும். ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்."

"சரிங்க. ஆனா ஒண்ணு. வர்ற சனிக்கிழமை மெட்ராஸ்ல இருந்து ஒரு சோடி வருது. அன்னைக்குன்னு பாத்து ஈரோட்டுல எங்க சித்தி பேத்திக்குச் சீரு. நான் போயே ஆகோணும். வர்றவங்களை நீங்க ஒருத்தரே பாத்துக்குவீங்களா?"

எனக்கு உள்ளுக்குள் மத்தளம் கொட்டியது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "என்ன பண்றது, பாத்துக்கறேன்" என்றேன். உடனே மொட்டை மாடிக்குப் போய் அமீர் ஹம்சாவுக்குப் போன் போட்டேன்.

"வாங்கன்னு சொல்ல மாட்டேன். தண்ணி குடுக்க மாட்டேன். சோறு கெடையாதும்பேன். அவங்க நிக்க நிக்க, நான் கட்டில்ல காலை நீட்டிப் படுத்துக்குவேன். அரை மணி நேரத்துல கார் திரும்பிரும். எப்படி?"

"உன்னால ஆகாதுப்பா தொரை."

"ஏன் ஆகாது?"

"ஊட்டுக்கு வந்தவங்க நிக்கறப்ப நீ உக்காந்து நான் பாத்ததே இல்லியே."

"இந்தச் சனிக்கிழமை பாப்பே!"

கண்ணாடி முன்னால் நின்று மூன்று நாள் முறைத்துப் பழகினேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கார் வந்தது. சொன்னபடி கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். இறங்கியவன் பெயர் சசிதர். முப்பது வயதிருக்கும். கூடவே கறுப்புக் கண்ணாடி போட்ட மனைவி. இரண்டு பேரும் வெயிலில் வந்து நின்றார்கள்.

"சார், வணக்கம்" என்றான்.

நான் பதில் சொல்லக்கூடாது. சொல்லவில்லைதான். ஆனால் என் கால்கள் தாமாகக் கட்டிலை விட்டு இறங்கின. கைகள் தாமாகக் கும்பிட்டன. "வாங்க, வாங்க, வாங்க" என்று மூன்று தடவை வாய் சொல்லிவிட்டது. விருந்தாளியை எங்கள் பக்கம் ஒறம்பரை என்போம். ஒறம்பரை வந்தால் முதலில் வாய் நிறைய 'வாங்க', அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீர், அதற்கப்புறம்தான் நீங்கள் யார் என்ற கேள்வி. பிறந்ததிலிருந்து பழகிய உடம்பு. மூளை சொல்லி அது நிற்காது. நான் சுதாரிப்பதற்குள் அந்தப் பெண் தண்ணீர் குடித்துவிட்டு, "தேங்க்ஸ் மாமா" என்றது.

மாமாவாமே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, சோற்றில் கைவைப்போம் என்று குரலை உயர்த்தினேன்.

"இங்க சாப்பாடெல்லாம் ஒண்ணும் பெருசா இருக்காதுங்க!"

"பரவாயில்ல மாமா. வர்ற வழியில பிரெட் சாப்பிட்டோம்."

"பிரெட்டா? ஏனுங்க, காய்ச்சலா?"

"இல்லையே, நல்லாத்தான் இருக்கோம்."

"காய்ச்சலும் இல்லாம பிரெட் தின்னுட்டா மெட்ராஸ்ல இருந்து வாரீங்க? செங்கோடா! அந்தச் செவலைச் சாவலைப் பிடி!"

சேவல் ஓடியது. செங்கோடன் ஓடினான். பின்னாலேயே நானும் ஓடினேன். ஒன்றரை மணிக்கு இலை போட்டு, அரிசியும் பருப்பும் சோறாக்கி, கோழிக் குழம்பு ஊற்றி, "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்று குனிந்து நின்று பரிமாறிக்கொண்டிருந்தது சாட்சாத் நானேதான். போதும் என்று அந்தப் பெண் இலையை மறைத்தது. நான் விரலிடுக்கில் நெய் ஊற்றினேன்.

சாயங்காலம் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். திட்டுவது.

"நான் தெரியாமத்தான் கேக்கறேன். இங்க என்ன இருக்குதுன்னு இத்தனை தூரம் வந்தீங்க? கொசுக்கடிக்குக் காசு குடுக்கறீங்க. கெணத்துத் தண்ணிக்குக் காசு குடுக்கறீங்க. சாணி அள்ளறதுக்கு வரிசையில நிக்கறீங்க! உங்களையெல்லாம் பாத்தா எனக்கு வயிறு எரியுதுங்க!"

மூச்சு வாங்க நிறுத்தினேன். இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். விழுந்தது அடி என்று நினைத்தேன்.

"மாமா," என்றது அந்தப் பெண், போனை உயர்த்திப் பிடித்தபடி, "அந்தச் சாணி வரிசையை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

சொன்னேன். என்ன செய்ய, ஒறம்பரை கேட்டுவிட்டார்களே.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்தால் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். "போயிட்டு வர்றோம் மாமா" என்று சொல்லிக் கார்க் கதவைத் திறந்தான் சசிதர். என் வாய் புறப்பட்டுவிட்டது.

"என்னங்க இது, வந்ததும் ஓடறீங்க! பத்து நாள் இருக்கறாப்ல வரோணும். மாரியம்மன் நோம்பிக்குக் கண்டிப்பா வந்துபோடோணும். அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. வரலீன்னா எனக்குக் கோவம் வந்துரும், ஆமா."

நோம்பி என்றால் எங்களுக்குத் திருவிழா. வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரிடமும் நாங்கள் இப்படித்தான் சொல்வோம். கேட்பவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒருத்தரும் வந்ததில்லை. இந்த ஒழுங்கு மெட்ராஸ்காரர்களுக்குத் தெரியுமா? அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்டிப்பா மாமா" என்றான். கண் கலங்கியிருந்தது. நான் டிக்கியில் இருபது தேங்காய் ஏற்றினேன்.

திங்கட்கிழமை காலையில் ராசாத்தாள் போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, சசிதர் எழுதிய விமர்சனத்தை நிதானமாக வாசித்தாள். "சாப்பாடு பிரமாதம். இடம் பிரமாதம். மாமா கோபப்படுவது எல்லாவற்றையும்விடப் பிரமாதம். ஒரே குறை, இரண்டு நாள் போதவில்லை." வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "அஞ்சுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க."

"அது... அவங்க ஏதோ மரியாதைக்கு..."

"நோம்பிக்கும் புக்கிங் போட்டுட்டாங்க. நீங்க கூப்பிட்டீங்களாமே. அப்பா, அம்மா, அண்ணன் குடும்பம் எல்லாஞ் சேந்து ஒம்போது பேரு."

எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது.

"ஆமா, ஈரோட்டுல சீரு எப்படி நடந்துச்சு?"

"சீரேதுங்க? எங்க சித்திக்குப் பேத்தியே இல்லியே. மூணும் பேரனுங்க. ரெண்டு நாளு நல்லாத் தூங்கிப்போட்டு வந்தேன்."

"அப்ப வேணும்னேதான் என்னைத் தனியா உட்டியா?"

"நான் இருந்திருந்தா வாங்கன்னு கூப்பிடறது என்ற வேலை. நீங்க மூலையில உர்ருன்னு உக்காந்து காரியத்தைக் கெடுத்திருப்பீங்க. உங்களைத் தனியா உட்டா அப்புறம் யாருங்க கூப்பிடறது?"

துரோகம்! என் சொந்தச் சாளையில், என் சொந்த வாயை வைத்தே என்னை மடக்கியிருக்கிறாள். மேசையை ஓங்கித் தட்டினேன்.

"முடியாது! ஒப்பந்தமும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. நோம்பியன்னைக்கு எனக்குச் சீட்டாட்டம் இருக்குது. வர வேண்டாம்னு சொல்லிப்போடு!"

"சொல்லிப்போடலாங்க. ஆனா கூப்பிட்டது நீங்க. என்ற வாயால எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லிப்போடுங்க. அவங்க வரலீன்னா இன்னைக்கே மூடிரலாம்."

சசிதரின் எண்ணைப் போட்டு, மணி அடிக்கிற போனை என் கையில் வைத்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். 'இடமில்லை, வர வேண்டாம்.' மூன்றே வார்த்தை. அதைச் சொன்னால் சாளை எனக்கு, கட்டில் எனக்கு, சனிக்கிழமை எனக்கு.

"மாமா!" என்றான் சசிதர்.

"அந்த நோம்பி விசயமாத்தானுங்க கூப்பிட்டேன். ஒம்போது பேருன்னு சொன்னாங்க..."

"ஆமா மாமா. எதாவது பிரச்சினையா?"

"பெரிய பிரச்சினைங்க" என்றேன். ராசாத்தாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சை நிமிர்த்தினேன். குரலைக் கடுமையாக்கினேன்.

"எல்லாரும் வாரீங்க, உங்க மாமனார் மாமியாரை மட்டும் ஏனுங்க உட்டுப்போட்டு வாரீங்க?"