கால் சேராதவன் ஆற்றைக் கடந்த விவரம்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

தங்களுக்கு இன்னும் மருமகனாகாதவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் இரண்டு கால்களோடும் நலம். அங்கு தாங்கள், அத்தை, தங்கள் மகள் அனைவரும் சுகமென்று நம்புகிறேன். தங்கள் மகளின் சுகத்தைச் சற்றுக் கூடுதலாகவே நம்புகிறேன்.

பட்டாளத்தில் அணிவகுப்பு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர் தாங்கள். பெண் கேட்டு வந்த என்னை வாசலில் நடக்கவிட்டு, சரியான நடையைச் சொல்லிக்கொடுத்தும் பார்த்துவிட்டு, "நாலு பேரோட கால் சேர்த்து நடக்கத் தெரியல, என் பொண்ணோட எப்படிப்பா நடப்ப? கால் சேர்ந்ததும் வா, கல்யாணத்தப் பேசலாம்" என்று அனுப்பிவிட்டீர்கள். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது மாமா. இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். ஆற்றுக்கு அக்கரையில் நம் ஆட்கள் தோட்டா தீர்ந்துபோய், எதிரி எந்த நேரமும் பாய்வான் என்று கிடந்தார்கள். எங்கள் கம்பெனி தோட்டாப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு போய்ச் சேர வேண்டும். படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்ட மிதவைப் பாலம். கட்டிய அதிகாரி, "எல்லாரும் ஒண்ணா கால் வெச்சா பாலம் ஆடி கயிறு அறுந்துடும், அவனவன் இஷ்டத்துக்கு நடங்க" என்றார். நாங்கள் நடைக்குக் கோப்பை வாங்கிய கம்பெனி மாமா, இஷ்டத்துக்கு நடக்கச் சொன்னால் வருமா? பாதி தூரம் போவதற்குள் எங்களையறியாமல் கால் சேர்ந்துவிட்டது, பாலம் தொட்டில் மாதிரி ஆடியது, சமையல்காரரின் அண்டா ஆற்றோடு போனது, அதைப் பிடிக்கப் போன சமையல்காரரும் போனார், அவரைப் படகுக்காரர்கள் முடியைப் பிடித்துத் தூக்கினார்கள், எங்களைக் கரைக்குத் திரும்ப ஓடச் சொன்னார்கள், அந்த ஓட்டத்திலும் கால் சேர்ந்தே இருந்தது. "பேசிக்கிட்டே நடங்கடா" என்றார் சார்ஜெண்ட். பேச்சும் தாளத்தோடு வந்தது. அக்கரையில் நம்மவர்களின் துப்பாக்கிச் சத்தம் குறைந்துகொண்டே போனது. அதற்கு என்ன அர்த்தமென்று தங்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் சார்ஜெண்டின் கண் என்மேல் விழுந்தது. தினமும் என்னை வரிசையிலிருந்து இழுத்துப்போட்டுத் திட்டுகிறவர். "டேய் கோணக்கால், முன்னால வா. எல்லாரும் இவன் காலையே பாத்து நடங்க" என்றார்.

நடந்தேன். என் கால் அடுத்து எங்கே விழும் என்று எனக்கே தெரியாதபோது பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? ஒருத்தன் கால் இன்னொருத்தனோடு சேரவில்லை, பாலம் சாதுவாகக் கிடந்தது, பெட்டிகளோடு போய்ச் சேர்ந்தோம். அக்கரையில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். அதில் ஒருவர் குனிந்து என் பூட்ஸைத் தொட்டுப் பார்த்தார்.

ஆகவே மாமா, அந்த நிபந்தனையைத் தாங்கள் வாபஸ் வாங்க வேண்டும். படையையே கரை சேர்த்த காலை நான் இனித் திருத்துவதாக இல்லை. "இவன் நடைய யாரும் தொடக் கூடாது" என்று கேப்டனே உத்தரவு போட்டுவிட்டார். நடை இப்படித்தான் இருக்கும், பெண்ணைக் கொடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் மகளுக்கு, தாங்கள் பார்க்காத நேரத்தில், என் அன்பு. தங்கள் ஆசியையும் கல்யாணத் தேதியையும் சேர்த்தே எதிர்பார்க்கும்,

தங்கள் மருமகன் (என்றே போட்டுக்கொள்கிறேன்)

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஒரு சங்கடம். சீக்கிரமே அதே பாலத்தில் இக்கரைக்குத் திரும்ப வேண்டுமாம். அதற்காகக் கேப்டன் என் நடையைக் கம்பெனிக்கே பயிற்சியாக வைத்துவிட்டார். கோப்பை வாங்கினவர்களாயிற்றே, கோணலையும் இழுப்பையும் அப்படியே கற்றுக்கொண்டு எல்லாரும் ஒரே சமயத்தில் கோணுகிறார்கள். அவர்களுக்குக் காட்டிக் காட்டி என் நடையும் ஒரு நிலைக்கு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்குக் கால் சேர்ந்துவிட்டது மாமா, தங்கள் நிபந்தனை நிறைவேறிவிட்டது. இன்று ஒத்திகைக்குப் பாலத்தில் ஏறினோம், ஒரு கயிறு அறுந்தது. "நீயாவது வேற மாதிரி நடந்து தொலைடா" என்கிறார் சார்ஜெண்ட். வேறு மாதிரி என்றால் இனித் தாங்கள் சொல்லிக்கொடுத்த அந்தச் சரியான நடைதான் பாக்கி. நான் இக்கரை வந்தால்தானே கல்யாணம்? தயவுசெய்து அதை மறுதபாலில் விவரமாக எழுதவும். எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்பதிலிருந்து ஆரம்பிக்கவும்.