ஜப்பானுக்குக் கட்டிய கொடி

ஜப்பான்காரனோடு பேசுவதைவிடக் கஷ்டமான காரியம் மாமியாரோடு பேசுவது. இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முயன்று பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமான புதிது. ஹாம் ரேடியோ பித்து மட்டும் பழையது. (லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக டிரான்ஸ்மிட்டர் செய்து, முன்பின் தெரியாதவர்களோடு மோர்ஸில் தட்டித் தட்டிப் பேசுவது. சம்பளம் கிடையாது.) அந்த ஞாயிறு ஒரு போட்டி. இரவு விளக்குக்கே போதாத மின்சாரத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் பேசுகிறோமோ அவ்வளவு பெருமை. ஜப்பானையே பிடித்துக் காட்டுகிறேன் என்று மனைவி கோமளாவிடம் அளந்துவிட்டேன். அவள் தன் அப்பாவிடம் சொன்னாள். அவர் ஸ்ரீரங்கத்தில் தெருவுக்கே சொல்லிவிட்டார்.

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் ஏரியல் கம்பி கட்ட இடமேது? மாமனார் வீட்டு மொட்டைமாடிச் சுவரிலிருந்து கொல்லைத் தென்னைமரம் வரை செப்புக்கம்பியை இழுத்துக் கட்டினேன்.

காலையிலேயே மாமனாரும் அவர் அழைத்த மூன்று பெரியவர்களும் கூடத்தில் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். ஒருவழியாக ஈனஸ்வரத்தில் ஒரு ஜப்பான் நிலையம் என் அழைப்புக்குறியில் (லைசென்ஸோடு கொடுக்கும் ரேடியோப் பெயர்) பாதியைத் திருப்பிச் சொன்னது. நான் கத்திய கத்தலில் பெரியவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். மீதிப் பாதியை அனுப்பினேன். அத்தோடு ஜப்பான் போயே போய்விட்டது.

மாடிக்கு ஓடினேன். என் கம்பியில் ஒன்பது கஜம் ஈரப்புடவை. உலர்த்திய கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு மாமியார் பூரிப்போடு நின்றிருந்தார். மாப்பிள்ளை தனக்காகத் துணிக்கொடி கட்டித் தந்திருப்பதாக அவர் நினைப்பு.

அந்தக் காலத்தில் மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசுவதில்லை. கோமளாதான் இருபக்கமும் அஞ்சல் செய்வாள். அவளோ கீழே. வேறு வழியில்லாமல் தென்னைமரத்தைப் பார்த்து, "புடவையை எடுத்தாத் தேவலை" என்றேன்.

மாமியார் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு ஒரு காக்கையிடம் சொன்னார்: "கொடி கட்டினவா மகராஜனா இருக்கணும்."

நானே எடுக்கலாமென்றால் அது மடிப்புடவை. மற்றவர் கை படக்கூடாது. கை படாமல் கோலால் தள்ளினேன். கம்பி அறுந்தது. புடவை என் தலையில் விழுந்தது. அதைக் காப்பாற்றப் பதறி ஓடிவந்த மாமியார் என்மேல் மோதிக்கொண்டார். உலர வேண்டிய மடியும் போயிற்று, உடுத்தியிருந்த மடியும் போயிற்று. இனி அவர் மறுபடி குளித்த பிறகுதான் அடுப்பில் தளிகை ஏறும். கூடத்தில் எல்லா வயிறும் பட்டினி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அறுந்த கம்பியை ஜன்னலில் சுற்றிக்கொண்டு, என் மானத்துக்காகவும் கோமளாவின் முகத்துக்காகவும் மறுபடி தட்டினேன். பதில் வந்தது, கணீரென்று.

"டோக்கியோவா?" என்றார் மாமனார், கண் கலங்கி.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். உறையூர். உங்கள் சிக்னல் ரொம்ப பலவீனமாக இருக்கிறதே, ஏதாவது கோளாறா என்று அனுதாபம் வேறு.

அப்போது சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, கல்யாணமான நாள்முதல் முதல்தடவையாக, மாமியார் நேராக என்னிடமே பேசினார்.

"உறையூருக்குத்தான் டவுன் பஸ் போறதே, மாப்பிள்ளை."

அன்று தொடங்கிய பேச்சை அவர் கடைசிவரை நிறுத்தவேயில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் டெலிபோனில் லைன் கிடைக்காமல் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால், கோமளா சமையலறையிலிருந்தே சொல்வாள்: "மாடியில என்ன காயறதுன்னு போய்ப் பாருங்கோ."