சுவரில் நின்ற குடங்கள்

“எங்க வீட்டுக் கொடம் ஏன்யா கடைசியில நிக்குது?”

தமீம் அன்சாரி ஏணியில் நின்றபடி திரும்பிப் பார்த்தார். கீழே இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாப்பம்மாள் நின்றிருந்தாள். சோலைப்பாறை ஊராட்சித் தலைவர் ஜெயமுருகனைப் பெற்றவள். தலைவரைக்கூடச் சமாளித்துவிடலாம், அவரைப் பெற்றவளைச் சமாளிக்க முடியாது என்று ஊரே சொல்லும்.

“எதும்மா உங்க கொடம்?”

“அந்த நீலம். வாய்ப்பக்கம் நசுங்கி இருக்கு பாருங்க. எங்க கொடம் எனக்குத் தெரியாதா?”

வம்பே வேண்டாம் என்றுதானே அன்சாரி குடங்களை வரைந்தார்!

கொடைக்கானல் பஜாரில் போர்டு எழுதுகிறவர் அவர். வீட்டில் செய்த சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், ரூம் காலி, இங்கே வண்டி நிறுத்தாதீர். இதையே எழுதி எழுதித் தலை நரைத்துவிட்டது. சாவதற்குள் எழுத்தில்லாத ஒரு படம் வரைந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அந்த நேரத்தில்தான் தொண்டு நிறுவனத்து லாவண்யா அவரைத் தேடி வந்தாள். சோலைப்பாறை பஸ் ஸ்டாப்பின் பெரிய சுவரைக் காட்டினாள். சுவருக்கு நேர் எதிரே ஊர்க்குழாய்.

“அழகா இருந்தா மட்டும் போதாதுண்ணா. படத்தப் பாத்து ஊர் ஜனங்க பேசணும்” என்று சொல்லிவிட்டு, பெயிண்டை இறக்கிவைத்துவிட்டுப் போனாள்.

என்ன வரைவது? மனுஷ முகம் வரைந்தால் இது என் மாமியார் மூக்கு, அது என் புருஷன் தொப்பை என்று சண்டை வரும். சாமி வரைந்தால் கேட்கவே வேண்டாம். அப்போதுதான் எதிரே குழாயடி கண்ணில் பட்டது. அந்த ஊரில் தண்ணீருக்கு ஆள் வரிசையில் நிற்பதில்லை. விடிந்ததும் காலிக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆளுக்குப் பதில் குடம் நிற்கும். முன்னால் எப்போதும் தலைவர் வீடு இருக்கிற மேலத்தெருக் குடங்கள், பின்னால் கீழத்தெருக் குடங்கள். தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வரும். முன்னால் நிற்கிற குடம் நிறையும், பின்னால் நிற்கிற குடத்துக்குக் காற்று வரும்.

குடத்துக்கு ஏது மூக்கும் தொப்பையும் என்று நினைத்தார் அன்சாரி. நசுங்கல், கீறல், ஒட்டுப்போட்ட இடம் எதையும் விடாமல் குடங்களை அப்படியே வரைந்தார். வரிசையை மட்டும் கண்ணுக்கு அழகாக மாற்றிக்கொண்டார். சிவப்பை முன்னால் வைத்தால் தூரத்திலிருந்தே ஆளை இழுக்கும். சாக்லேட் போர்டில் கற்ற பாடம் அது. நீலத்தைக் கடைசியில் வைத்தால் மலையோடு சேர்ந்துகொள்ளும். எல்லாம் முடிந்ததும் கை சும்மா இருக்கவில்லை. போர்டு எழுதிப் பழகிய கை. சுவரின் அடியில், ‘இப்படிக்கு, ஊராட்சி நிர்வாகம்’ என்று முத்து முத்தாக எழுதிவிட்டது.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் சிவப்புக் குடத்தோடு கீழத்தெருக் கண்மணி நின்றிருந்தாள். கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை. முகமெல்லாம் சிரிப்பு.

“வெள்ளனே கெளம்பிட்டியாம்மா?”

“ஆமா பாய். இன்னைக்கு மொத பஸ்ஸையே புடிச்சிருவேன். படம் பிரமாதம் பாய்!” என்றவள், நிறைகுடத்தை டீக்கடையில் வைத்துவிட்டு ஓடி வந்து பஸ் ஏறினாள்.

அன்சாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் படத்தைப் பார்த்து ஒரு பெண்பிள்ளைக்கு இவ்வளவு சந்தோஷமா! அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போடத்தான் இப்போது பாப்பம்மாள் வந்து நிற்கிறாள்.

“செவப்பு கண்ணக் குத்துது பாய். நீலந்தான் குளுமை. நீலத்த முன்னால கொண்டாங்க.”

“மலைக்குப் பக்கத்துல இருந்தாத்தாம்மா நீலம் எடுப்பா...”

“எங்களுக்கும் கலைக்கண்ணு இருக்கு. கொண்டாங்கன்னா!”

கொண்டுவந்தார். நீலம் முதலிடத்துக்கு வந்தது, சிவப்பு இரண்டாமிடத்துக்குப் போனது. அவ்வளவுதான், மறுநாள் மேலத்தெருவிலிருந்து ஊதாக் குடத்துக்காரி வந்தாள், பச்சைக் குடத்துக்காரி வந்தாள். ஊருக்கே திடீரென்று கலைக்கண் திறந்துவிட்டது. ஊதாவுக்கு நிழல் பத்தவில்லையாம். பச்சையை முன்னால் தள்ளினால்தான் படம் பேசுமாம். கண்மணி தள்ளியே நின்றாள். போகும்போது மட்டும், “மொதல்ல வரஞ்சதுதான் பாய் நல்லா இருந்துச்சு” என்றாள். சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. கலையை இப்படி நேசிக்கிற ஜீவனும் உலகத்தில் உண்டா என்று அன்சாரி நெகிழ்ந்துபோனார்.

யோசித்துப் பார்த்து, வரிசையையே எடுத்துவிட்டார். குழாயைச் சுற்றி வட்டமாகக் குடங்களை வரைந்தார். வட்டத்தில் முதல் ஏது, கடைசி ஏது?

மறுநாள் வந்து இறங்கினால் குழாயடியில் ஒரே இரைச்சல். மேலத்தெருப் பெண்களும் கீழத்தெருப் பெண்களும் குழாயைச் சுற்றி நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வப்போது ஒருத்தி திரும்பிச் சுவரைக் காட்டினாள். அன்சாரி பயந்துபோய் டீக்கடைக்குள் புகுந்துகொண்டார்.

“என்னண்ணே நடக்குது?”

டீக்கடைச் சின்னக்கருப்பன் கிளாஸை நீட்டினார். “ரெண்டு தெருவும் ஒண்ணா நின்னு பேசி நான் பாத்ததே இல்ல பாய். எல்லாம் ஒங்க வேல.”

ஊர் ஒன்றுகூடித் தன்னைத் திட்டுகிறது என்று அன்சாரி முடிவே கட்டிவிட்டார். அன்றைக்கே எல்லாக் குடத்துக்கும் ஒரே நிறம் அடித்தார். மீதியிருந்தது சாக்லேட் போர்டுக்கு அடிக்கிற காப்பிக் கலர் மட்டும்தான். நசுங்கலும் போயிற்று, ஒட்டும் போயிற்று. இனி யாரும் இது என் குடம் என்று வர முடியாது.

அடுத்த நாள் குழாயடியில் சண்டை இல்லை, சிரிப்புச் சத்தம் கேட்டது. இது அதைவிட மோசம். தன் படத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு உடம்பே கூசியது. போதாக்குறைக்குத் தலைவர் ஜெயமுருகன் போன் போட்டார்.

“பாய், ஞாயித்துக்கெழம ஊர்க்கூட்டம் கேக்குறாங்க. ரெண்டு தெருப் பொம்பளைகளும் சேந்து வந்து நிக்கிறாக. எல்லாம் ஒங்க படத்தால வந்தது. எனக்கு எதுக்குங்க இந்தத் தலைவலி? அதுக்குள்ள என்னமாச்சும் பண்ணி முடிச்சு விடுங்க.”

வீட்டில் மனைவி ரஹ்மத்துன்னிசா விழுந்து விழுந்து சிரித்தாள். “குடத்த வரஞ்சு ஊரையே கூட்டிட்டீங்களே! பேசாம இங்க வண்டி நிறுத்தாதீர்னு எழுதிட்டு வந்திருக்கலாம்ல?”

“லாவண்யா மேடம் ஊரு பேசணும்னு சொன்னாங்க. இப்புடியா பேசணும்?”

சனிக்கிழமை மத்தியானம் அன்சாரி வெள்ளைப் பெயிண்டோடு போய் இறங்கினார். கொடைக்கானல்காரருக்கு இந்த யோசனை வருவதற்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கக் கூடாது. பனி ஏரியை மூடுகிறது, மலையை மூடுகிறது, பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டியையே மூடுகிறது. குடத்தை மூடாதா? பனி வரைந்தார். வெள்ளையில் சாம்பல் கலந்து, சாம்பலில் வெள்ளை கலந்து, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை சுவர் முழுக்கப் பனி.

வட்டத்தில் குழாய்க்குக் கீழே இருந்த குடத்தைக் கடைசியாக விட்டுவைத்திருந்தார். காப்பிக் கலருக்கு அடியில் அதுதான் அவருடைய சிவப்பு. பிரஷைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். ஆயுசுக்கும் ஒரு படம்தான் வரைந்தார் மனுஷன், அதையும் தன் கையாலேயே மூட வேண்டியதாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடினார். அடியில் இருந்த எழுத்தை மட்டும் மூட மனசு வரவில்லை. அவ்வளவு அழகாக வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்பதற்காக ஒரு பெட்டி வர்க்கி பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனார். ஊர் அமைதியாக இருந்தது. கூட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. குழாயடியில் குடங்கள் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றன. பாப்பம்மாள் நிறைந்த நீலக் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள்.

“இப்பத்தான் பாய் படம் அழகா இருக்கு!”

அன்சாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பஸ் ஸ்டாப்பில் கண்மணி உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ் போய்விட்டிருந்தது. காலடியில் சிவப்புக் குடம் படுத்துக் கிடந்தது.

“கூட்டம் இல்லையாம்மா?”

“தலைவரு வேணாம்னுட்டாரு பாய். அதுக்கு இனிமே அவசியம் இல்லையாம்.”

“அல்லாதான் காப்பாத்துனான். எல்லாரும் சேந்து என்னைய வையத்தான் கூடுறாகன்னு பயந்தே போனேன்.”

கண்மணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “ஒங்கள எதுக்கு பாய் வையணும்? கீழத்தெருவுக்கும் ஒரு கொழா போடணும்னு கேக்கத்தான் ரெண்டு தெருவும் கூடுறதா இருந்தோம். வட்டமா நின்னு தண்ணி புடிச்சதுல எங்க கஷ்டம் தெரிஞ்சு, மேலத்தெருக்காரவுகளே எங்களுக்காகப் பேசுறோம்னு சொல்லியிருந்தாக.”

வர்க்கிப் பெட்டி அன்சாரியின் கையில் அப்படியே இருந்தது. அவள் காலடியில் கிடந்த குடத்தைப் பார்த்தார்.

“ஏம்மா, இன்னைக்குத் தண்ணி வரலியா?”

“வந்துச்சு பாய், பழைய வரிசையில” என்றாள் அவள், சுவரின் அடியில் இருந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே. “பஞ்சாயத்துப் பேரப் போட்டு நீங்க தெனம் எப்பிடி வரஞ்சீங்களோ, அப்பிடித்தான் இத்தன நாளும் கொழாயில கொடத்த வச்சோம், இன்னைக்குத்தான் சுவத்துல எங்க கொடமே இல்லையே.”